கண்டதும் கேட்டதும்: இஸ்மிரில் ஒரு முதிய மாணவன்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வுபெற்ற ஒருவன், அறுபத்தெட்டாவது வயதில் வகுப்பறை வாங்கில் போய் அமர்வதற்குத் தக்க காரணம் வேண்டும். என்னுடைய காரணத்துக்கு வயது ஆறு. மகளும் மருமகனும் தொழில் நிமித்தம் துருக்கியின் இஸ்மிர் நகரில் குடியேறிய பின்னர், பேரன் அங்குள்ள பாடசாலையில் சேர்ந்தான். ஓராண்டு முடிவதற்குள் அவனது விளையாட்டும் சண்டையும் உறக்கத்தில் உளறுவதும் துருக்கி மொழியில் என்றாகிவிட்டன. தமிழில் கேட்டால் துருக்கியில் மறுமொழி வரும். அவன் தமிழை விட்டு அகலாதிருக்க வேண்டுமாயின், அவனுடைய மொழியை நோக்கி நானும் சில அடிகள் வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு மாதங்கள் அவர்களுடன் தங்கச் சென்றபோது, அல்சன்ஜாக் என்னும் பகுதியில் இருந்த ஒரு மொழி நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டேன்.

இஸ்மிர் துருக்கியின் மூன்றாவது பெரிய நகரம். ஏஜியன் கடல் நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்து அமைத்த குடாவைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. பழைய பெயர் ஸ்மிர்னா. கிரேக்கப் பெருங்கவிஞர் ஹோமர் பிறந்த ஊர் என்று உரிமை கொண்டாடும் ஊர்களுள் இதுவும் ஒன்று.

வகுப்பு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். மாணாக்கர் பதினொருவர். ரஷ்யத் தம்பதியர், ஜெர்மானிய ஓய்வூதியர் ஒருவர், உக்ரேனிய மாணவியர் இருவர், சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்மணி என்று பல திக்கினர். ஆசிரியை என் மகளிலும் இளையவர். முதல் நாளே என்னை 'அம்ஜா' என்று அழைக்கத் தொடங்கினார். தந்தையின் சகோதரனைக் குறிக்கும் சொல் அது. துருக்கியர் வழியிற் காணும் முதியவர்களையெல்லாம் இவ்வாறே உறவுமுறை சொல்லி அழைப்பர். முதிய பெண் 'தெய்ஸே', சற்று மூத்த ஆடவன் 'ஆபி'. கடைக்காரரை 'அண்ணை' என்றும் பஸ்ஸில் அருகிருப்பவரை 'அம்மா' என்றும் அழைத்து வளர்ந்த எனக்கு, இதற்கெனத் தனிப் பாடம் தேவைப்படவில்லை.

மொழியின் கட்டமைப்பும் தமிழனுக்கு அந்நியமானதன்று. வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். சொல்லின் பின்னே ஒட்டுக்கள் வரிசையாகச் சேரும். 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெரிம்தென்' என்றால் 'என் வீடுகளிலிருந்து'. ஜெர்மானியர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்க, நான் பெருமிதத்துடன் அமர்ந்திருந்தேன்.

ஐந்தாவது வாரத்தில் வந்த பாடம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

துருக்கியில் இறந்தகாலம் இரண்டு. 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றாலும் வந்தான்தான். முன்னதைச் சொல்பவர் அவன் வந்ததைத் தாம் அறிவார். பெரும்பாலும் நேரில் கண்டிருப்பார். பின்னதைச் சொல்பவர் பிறர் சொல்லக் கேட்டிருப்பார். அல்லது வாசலிற் கிடக்கும் செருப்பைக் கண்டு ஊகித்திருப்பார். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல வாய் திறந்தால் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். 1070களில் துருக்கிய மொழிகளின் முதற் பேரகராதியைத் தொகுத்த மஹ்மூத் அல் காஷ்கரி இவ்வேறுபாட்டை அன்றே விளக்கியுள்ளார். அந்த அளவுக்கு அது பழமையானது.

ஆசிரியை கரும்பலகையில் இதனை எழுதி, உங்கள் மொழிகளில் இப்படி உண்டா என்று ஒவ்வொருவரையும் வினவினார். பலர் இல்லையென்று தலையசைத்தனர். என் முறை வந்தபோது, உண்டு என்றேன். வந்தான், வந்தானாம். அந்த ஒற்றை 'ஆம்' செய்யும் வேலையைத்தான் 'மிஷ்' செய்கிறது. துருக்கியக் குழந்தைக் கதை 'பிர் வர்மிஷ், பிர் யொக்முஷ்' என்று தொடங்கும். ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம் என்பது பொருள். எங்கள் பாட்டிமாரும் 'ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தானாம்' என்றுதானே தொடங்கினார்கள்? கதை சொல்பவள் ராசாவைக் கண்டதில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே நேர்மையாக ஒப்புக்கொண்டு விடுகிறாள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'ஆம்' நம் விருப்பத்தைப் பொறுத்தது. கேள்விப்பட்டதையும் 'வந்தான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலக்கணம் நம்மைப் பிடித்து நிறுத்தாது. துருக்கி மொழி நிறுத்தி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறது. பிரதி ஆசிரியர்கள் இளம் நிருபர்களிடம் நாள்தோறும் கேட்கும் கேள்வியை ஒரு மொழியின் வினைவிகுதியே கேட்கிறது என்பது எனக்கு வியப்பைத் தந்தது.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் நகரைச் சுற்றுவது எனக்கு வீட்டுவேலை ஆயிற்று. கண்ணிற் படுவதை 'தி' என்றும், காதில் விழுவதை 'மிஷ்' என்றும் குறிப்பேட்டில் இரு பத்திகளாக எழுதினேன்.

அல்சன்ஜாக்கிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் 'கோர்டொன்' எனப்படும் கடலோர வீதி. ஒருபுறம் தேநீர்க் கடைகள், மறுபுறம் புற்றரை, அதற்கப்பால் குடா. கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு 'இம்பாத்' என்று தனிப்பெயர் உண்டு. எள்ளுத் தூவிய வளைய ரொட்டியைத் துருக்கி முழுவதும் 'சிமித்' என்பார்கள். இஸ்மிரில் அப்படிக் கேட்டால் வெளியூரான் என்று அறிந்துகொள்வர். இங்கே அது 'கெவ்ரெக்'. சூரியகாந்தி விதையும் பிற இடங்களில் 'செகிர்தெக்', இங்கே 'சீதெம்'. கொழும்பில் ஒரு சொல்லும் யாழ்ப்பாணத்தில் இன்னொரு சொல்லும் மட்டக்களப்பில் வேறொன்றுமாய்ப் புழங்கப் பழகியவனுக்கு இது இனிய பாடம். காலையில் அவித்த முட்டையுடன் உண்ணும் 'பொயோஸ்' என்னும் பணியாரம், 1492 இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததியார் இந்நகருக்குத் தந்தது. இவையெல்லாம் உண்டு அறிந்தவை; 'தி' பத்தியில் எழுதினேன்.

கோர்டொன் வழியே தெற்கே நடந்தால் கடலுக்குள் நீண்ட பழைய இறங்குதுறைக் கட்டடம் ஒன்று வரும். பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஐஃபல் கட்டியதாம். அதனைத் தாண்டினால் கொனாக் சதுக்கம். அங்கே 1901 இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அரியணை ஏறிய 25ஆம் ஆண்டு நிறைவுக்காகக் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அதிலுள்ள கடிகாரம் ஜெர்மானியப் பேரரசர் அனுப்பிய பரிசாம். இரண்டு 'ஆம்'களையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது, சதுக்கத்தின் இன்னொரு புறத்தில் ஒரு நினைவுச் சின்னம் கண்ணிற் பட்டது. அது ஒரு பத்திரிகையாளருக்கு எழுப்பப்பட்டது.

ஹஸன் தஹ்ஸின் என்பது அவர் புனைபெயர். இயற்பெயர் ஒஸ்மான் நெவ்ரெஸ். 'மனித உரிமைகள்' என்று பொருள்படும் பெயருடைய ஒரு பத்திரிகையை நடத்தினார். 1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது, அதன்மீது முதல் வேட்டைத் தீர்த்தவர் அவரே என்று பாடநூல்கள் கூறுகின்றன. அன்றே கொல்லப்பட்டார். அன்று முதலிற் சுட்டவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. சின்னத்தின் பெயரிலோ ஐயத்துக்கு இடமில்லை. 'முதல் தோட்டா' என்பதே அதன் பெயர்.

மறுநாள் வகுப்பில் இதைக் கேட்டேன். நேரிற் காணாததற்கு 'மிஷ்' என்றால், வரலாற்று நூல்கள் ஏன் 'தி' விகுதியில் எழுதப்படுகின்றன? ஆசிரியை சிரித்தார். "அம்ஜா, 1453 இல் இரண்டாம் மெஹ்மெத் இஸ்தான்புல்லைக் கைப்பற்றியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் 'கைப்பற்றினார்' என்று 'தி' போட்டுத்தான் எழுதுவோம். ஐயமில்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டதற்கு 'தி'. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன" என்றார்.

இலக்கணம் அந்த இடத்தில் முடிந்து, அரசியல் தொடங்குகிறது. ஒரு நிகழ்வு எப்போது 'ஆம்' என்னும் வாலை உதிர்த்துவிட்டு 'தி' ஆகிறது? அதற்கு ஒப்பமிடுபவர் யார்?

இஸ்மிரில் இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு நெடுந்தூரம் நடக்க முடியாது. நகரின் நடுவே 'கூல்தூர்பார்க்' என்றொரு பரந்த பூங்கா இருக்கிறது. 1936 இல் திறக்கப்பட்டது. சர்வதேச வர்த்தகக் கண்காட்சி பல தசாப்தங்களாக அங்கேதான் நடைபெற்றது. பனைகளும் தேநீர்த் தோட்டங்களும் மிதிவண்டியிற் சுற்றும் சிறுவர்களும் நிறைந்த இடம். பேரனைப் பிற்பகல்களில் அங்கே அழைத்துச் செல்வேன். அதன் வாசல்களுக்குப் பெயர்கள் உண்டு. ஒன்று 'லொஸான்', 1923 இல் கைச்சாத்தான உடன்படிக்கையின் நினைவாக. மற்றொன்று 'செப்டெம்பர் 9', 1922 இல் துருக்கியப் படை நகருக்குள் நுழைந்த நாளின் நினைவாக. செப்டெம்பர் 13 என்ற பெயரில் வாசல் ஏதுமில்லை. ஆனால் அப்பூங்கா அங்கே இருப்பதற்குக் காரணமே அந்த நாள்தான்.

1922 செப்டெம்பர் 13 அன்று ஆர்மீனியர் குடியிருப்பில் தீ மூண்டது. ஆர்மீனியர், கிரேக்கர் வாழ்ந்த பகுதிகளைப் பல நாட்கள் எரித்தது. வீடிழந்தோரும் உள்நாட்டிலிருந்து தப்பி வந்தோருமாக இலட்சக்கணக்கானோர் இன்றைய கோர்டொன் கரையில் நெருப்புக்கும் நீருக்கும் நடுவே நின்றனர். குடாவில் பிரித்தானிய, பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. மாண்டவர் தொகை குறித்த மதிப்பீடுகள் 10,000 முதல் 100,000 வரை வேறுபடுகின்றன. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், பின்வாங்கிய கிரேக்கப் படை மனிஸா உள்ளிட்ட துருக்கிய ஊர்களை எரித்துச் சென்றிருந்தது. இஸ்மிரை எரித்தவர்கள் துருக்கியத் தரப்பினர் என்பது மேலைநாட்டு ஆய்வாளர் பலரின் முடிவு. ஆர்மீனியரும் கிரேக்கரும் தாமே எரித்துவிட்டு ஓடினர் என்பது துருக்கியில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்தது. இரு தரப்பாரும் 'தி' விகுதியிலேயே பேசுகின்றனர். எரிந்த நிலத்தில் மரங்கள் நடப்பட்டன.

அந்தத் தீயைக் கண்ட பத்திரிகையாளர்களும் உண்டு. 'டெய்லி மெயில்' நிருபர் வார்ட் பிரைஸ், 'அயன் டியூக்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் இருந்தபடி கண்டதை எழுதி அனுப்பினார். ஆனால் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது, அதைக் காணாத ஒருவர் எழுதியதைத்தான். 'ரொறன்ரோ ஸ்டார்' நிருபராக எர்னஸ்ட் ஹெமிங்வே இஸ்தான்புல்லை வந்தடைந்தபோது செப்டெம்பர் முடிந்துகொண்டிருந்தது. ஸ்மிர்னா எரிந்து முடிந்திருந்தது. 1930 இல் தம் சிறுகதைத் தொகுதியின் முகப்பில், ஸ்மிர்னாத் துறைமுகத்தைப் பற்றி ஒரு சிறு கதையைச் சேர்த்தார். அது வேறொருவர் சொல்லக் கேட்டதாகவே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'மிஷ்' இல்லை. ஹெமிங்வே தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார் என்று எண்ணுகிறேன்.

இன்னொரு நாள் ஆசிரியை எங்களனைவரையும் கெமெரால்தி என்னும் பழைய கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். 1744 இல் கட்டப்பட்ட 'கிஸ்லராஸி ஹான்' என்ற வணிகர் சத்திரத்தில் கோப்பி அருந்தியபின், சந்துகளில் நடந்தோம். ஒரு பழைய நீர்த்தாரையின் மேல் அரபு எழுத்தில் கல்வெட்டு இருந்தது. 1928 இல் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியதால், தம் முன்னோர் எழுதியதைத் துருக்கியரிற் பெரும்பாலோரால் வாசிக்க இயலாது. ஆசிரியையும் அவர்களுள் ஒருவர். அப்போது அலெப்போப் பெண்மணி முன்னே வந்து எழுத்தெழுத்தாக உரக்க வாசித்தார். அவருக்குப் பொருள் விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியைக்கு விளங்கியது. ஒருவரிடம் எழுத்தும் மற்றவரிடம் மொழியும் இருந்தன. இரண்டும் சேர்ந்தபோதுதான் கல் பேசியது.

அதே தெருவில் காட்டுக் கீரைகள் விற்கும் முதியவர் ஒருவரோடு பழக்கமானேன். அவருடைய முன்னோர் கிரீட் தீவிலிருந்து வந்தவர்கள். 1923 ஜனவரியில் லொஸானில் கைச்சாத்தான ஒப்பந்தப்படி, ஏறத்தாழ 12 இலட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் துருக்கியை விட்டு நீங்கியவர்களாகவும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தை விட்டு வந்தவர்களாகவும் கணக்கிடப்பட்டனர். அளவுகோல் மதமேயன்றி மொழியன்று. ஆகவே துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். தம் பாட்டி இறக்கும்வரை கனவில் கிரேக்கம் பேசியதாகச் சொன்னார் முதியவர். அவர் பயன்படுத்திய வினை 'கொனுஷுர்முஷ்'. பேசுவாளாம். பாட்டியை அவர் கண்டதில்லை. தாய் சொல்லித்தான் அறிவார். கனவிற் பேசும் பேரன் என் நினைவுக்கு வந்தான்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஏழாவது வாரத்தில், சொந்த ஊரைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதி வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. அலெப்போப் பெண்மணியின் ஐந்தாவது வாக்கியம் 'எவிமிஸ் யிகில்தி' என்று முடிந்தது. எங்கள் வீடு இடிந்தது. ஆசிரியை இதமாக இடைமறித்தார். "தெய்ஸே, இடிந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இல்லை. முன்பே வந்துவிட்டோம். தம்பி படம் அனுப்பினான்."

"அப்படியானால் 'யிகில்மிஷ்' என்று வரவேண்டும்."

பெண்மணி தாளைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்து, மெல்ல, ஆனால் உறுதியாகச் சொன்னார்: "யிகில்தி."

வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியை அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி. யிகில்தி" என்றார். அடுத்தவரை வாசிக்க அழைத்தார்.

அன்று பிற்பகல் கோர்டொனில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அந்தப் பெண்மணியின் இலக்கணம் பிழையா? அவர் தம் வீடு இடிந்ததைக் காணவில்லை. ஆனால் அவருடைய வீடு இடிந்ததை அவருக்கு மேல் அறிந்தவர் யார்? 'ஆம்' போட்டுச் சொன்னால், அது யாரோ ஒருவர் வீடாகிவிடும். 2015 இல் அந்நகரின் பஸ்மனே பகுதியில், அவரைப் போன்ற பல்லாயிரவர் மிதவைச் சட்டை வாங்கிக்கொண்டு கிரேக்கத் தீவுகளுக்குப் படகேறக் காத்திருந்தனர். 1922 இல் தீ மூண்ட பகுதியும் அதன் அண்டையிலேயே இருந்தது. கரையில் நின்றவர்கள் மாறினார்கள், கரை மாறவில்லை.

தமிழ்ப் பத்திரிகையில் 'ஆம்' எழுத எங்களுக்கு அனுமதி இருந்ததில்லை. அது திண்ணைப் பேச்சு என்பது மூத்தோர் கருத்து. அதற்குப் பதிலாக நீண்ட வால்கள் வைத்திருந்தோம்: 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரியவருகிறது', 'என நம்பப்படுகிறது'. தணிக்கைக் காலங்களில் அந்த வால்கள்தாம் எங்கள் கவசம். ஆனால் அவற்றில் ஒரு குறை உண்டு. அறியாதவரும் அவற்றையே பயன்படுத்துவர்; நன்கறிந்தும் அஞ்சியவரும் அவற்றையே பயன்படுத்துவர். வாசகர்கள்தாம் எது எதுவென்று முகர்ந்து அறியவேண்டியிருந்தது. எங்கள் வாசகர்கள் அதில் வல்லவர்கள்.

யாழ்ப்பாண நூலகம் 1981 மே 31 நள்ளிரவை அண்டி எரிக்கப்பட்டபோது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியன். மாணவப் பருவத்தில் அங்கே வாசித்தவன். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. தொலைபேசியில் கேட்டோம். கேட்டதை வாலுடன் எழுதினோம். சில நாட்களின் பின்னர் அங்கு சென்றபோது, நான் கண்டது கரிந்த சுவர்களையும் காலடியில் நொறுங்கிய சாம்பலையும்தான். நெருப்பை நான் காணவில்லை. எரித்தவர்கள் யாரென்று ஊரே அறிந்திருந்தது.

துருக்கியின் 'மிஷ்' விகுதிக்கு இன்னொரு பயன்பாடு உண்டென்று மேலே குறிப்பிட்டேன். காலையில் கதவைத் திறந்து, முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு, 'யாமூர் யாமிஷ்' என்பர். மழை பெய்திருக்கிறது. பெய்ததைக் காணவில்லை, ஈரத்தைக் கண்டேன் என்பது பொருள். கிசுகிசுவுக்கும் இதற்கும் ஒரே விகுதி என்றாலும், இது வெறும் கேள்வி ஞானமன்று. பிந்தி வந்தவன், கண்முன் எஞ்சியதை வைத்துக் கூறும் சாட்சியம் இது. என் தொழிலுக்கு உரிய வினைவிகுதி எதுவென்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். நிருபன் பெரும்பாலும் நெருப்புக்குப் பின்னால் வருபவன். அவன் கண்டது சாம்பல். அதை மறைக்காமலும் அதற்கு மேல் கூட்டாமலும் எழுதுவது அவன் கடமை. 'தி' போட்டுச் சொல்லும் உரிமை வீட்டுக்காரிக்கு உண்டு. அவள் அப்படிச் சொல்லும்போது, திருத்தாமல் எழுதிக்கொள்வதும் அவன் கடமையே.

பேரனுக்கு இப்போது இரவில் இரண்டு கதைகள். முதலாவது துருக்கியில், என் கொச்சை உச்சரிப்பில். அவன் சிரித்துச் சிரித்துத் திருத்துகிறான். இரண்டாவது தமிழில். அதில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருந்தது, அதனுள் வாசிப்பதற்கு நீண்ட மேசைகள் இருந்தன, அங்கே ஒரு பையன் மாலைதோறும் போய் அமர்ந்தான். இருந்ததாம் என்று நான் சொல்வதில்லை. அந்த மேசைகளை நான் கண்டேன்.